எத்தனை நாளைக்கு?

சென்ற மாதம் வீட்டுத் தரிசிப்புக்காக வவுனியாவுக்கு அப்பால் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். தைரொயிட் புற்றுநோய்க்காகச் சுரப்பி முழுவதையும் அகற்றிய தாய் ஒருவர். கதிரியக்க அயடீன் குடித்தும் நான்கு மாதமாகிவிட்டது. கிட்ட வந்த சின்ன மகனைக் கையால் விலக்கினார்.

"மிஸ், இவனைத் தூக்கக்கூடாதெண்டு ஆஸ்பத்திரியில சொன்னவை."

"எத்தினை நாளைக்கெண்டு சொன்னவை, அக்கா?"

"சிங்களத்தில சொன்னவை, விளங்கேல்லை. திருப்பிக் கேக்கப் பயமாக் கிடந்தது."

நான்கு மாதம்! அயடீன் 131இன் கதிரியக்கம் எட்டு நாட்களுக்கு ஒரு தடவை பாதியாகக் குறையும். அதற்கு முன்பே பெரும்பகுதி சிறுநீருடன் போய்விடும். பிள்ளைகளிடமிருந்து விலகி இருக்கும் காலம் கொடுத்த அளவைப் பொறுத்தது. ஆனால் அது நாட்கணக்கு, கூடினால் சில வாரம். அவர் முன்னாலேயே கிளினிக் தாதியுடன் தொலைபேசியில் பேசி உறுதிப்படுத்தினேன். மாமியார் இன்னமும் அவருக்குத் தனிக் கோப்பை வைத்திருந்தார். புற்றுநோய் தொற்றாது என்பதை அவருக்கு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இலங்கைப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்ததாகக் காணப்படுவது தைரொயிட் புற்றுநோய்தான். பெரும்பாலானோர் நன்கு குணமடைந்து நெடுங்காலம் வாழ்கிறார்கள். ஆனால் எப்படி வாழ்வது என்பதை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

"விடியத் தொடக்கம் நித்திரை வருது. வீட்டில சோம்பேறி எண்டினம்" என்றார். குளிசை எப்படிக் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். காலைத் தேநீருடன், தைரொக்சினும் கல்சியமும் ஒன்றாக! சகோதரிகளே, தைரொக்சினை வெறும் வயிற்றில் தண்ணீருடன் குடிக்க வேண்டும். தேநீரும் சாப்பாடும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தின் பின்பே. கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. இல்லாவிட்டால் மருந்து சரியாக உடலில் சேராது. சோர்வு, குளிர், மறதி, உடல் பருமன் எல்லாம் வரும். சுரப்பிக்குப் பதிலாகத்தான் இந்தக் குளிசை. சுகம் என்று நினைத்து நிறுத்தக்கூடாது. இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அளவை மாற்றுவது வைத்தியரின் வேலை. வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் விறைத்தாலோ, கை கால் இழுத்தாலோ கல்சியம் குறைந்திருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நோயாளிக்கு வழமையான கடமைகளிலிருந்து விலக்கு உண்டு என்று டல்கொட் பார்சன்ஸ் 1951இல் எழுதியதைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். இந்த அக்கா கழுத்துத் தையல் காயமுன்பே அடுப்படியில் நின்றவர். பார்சன்ஸ் எங்கள் குசினிகளைப் பார்த்திருக்கமாட்டார்.

அடுத்த கிளினிக்கில் கேட்பதற்கு, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கேள்விகளை எழுதினோம். குரல் கரகரப்பு எப்போது மாறும்? குளிசையின் அளவு போதுமா? மூன்றாவதை அவரே எழுதினார்: இன்னொரு பிள்ளை பெறலாமா? கதிரியக்க அயடீனுக்குப் பின் குறைந்தது ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். சரியான காலத்தை வைத்தியரிடமே கேளுங்கள் என்றேன். அதற்குள் மடியில் ஏறிவிட்ட மகன் பேனையைப் பறித்துவிட்டான்.