சிந்தித்தால் குற்றமா?

ரமணாசிரமம் பகுதியில் ஒரு தோழர் வீட்டில் "எந்திரன்" டி.வி.டி. பார்த்தோம். ஷங்கர் டைரக்‌ஷனில், ரஜினிகாந்த் இரட்டை வேடத்தில், 2010இல் வந்த படம். கொட்டகையில் பார்த்தபோது தந்திரக் காட்சிகள் கண்ணை மறைத்துவிட்டன. டி.வி.டி.யில் வேண்டிய இடத்தில் நிறுத்தலாமே!

கடைசிக் காட்சியில் நிறுத்தினோம். 2030ஆம் வருஷம், காட்சிசாலை. யந்திர மனிதன் சிட்டியைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று ஒரு பள்ளிக் குழந்தை கேட்கிறது. தான் சிந்திக்க ஆரம்பித்ததால் என்கிறது சிட்டி.

இது பொய், தோழர்களே! ஊரை நாசமாக்கியது சிந்தனையா? போரா என்ற வில்லன் பொருத்திய சில்லு அல்லவா? அந்தச் சில்லின் நிறமும் சிவப்பாம்! பழி மட்டும் சிந்தனை மீது.

'ரோபோ' என்ற சொல் செக் எழுத்தாளர் காரல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தில் பிறந்தது. 'ரொபோட்டா' என்றால் பண்ணையாருக்குச் செய்யும் கட்டாய உழைப்பு. நம் ஊர் வெட்டிவேலை. அந்த நாடகத்தில் ரோபோ அடிமைகள் கலகம் செய்கின்றன. நம் சிட்டியோ, கோர்ட்டு உத்தரவிட்டதும் தன் கையாலேயே தன்னைக் கழற்றிக்கொள்கிறது. எந்த மில் முதலாளிக்கு இது இனிக்காது?

ஆனாலும் படத்தைப் பாருங்கள், நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அலங்காரப் பெட்டியில் வாங்கி அலமாரியில் பூட்டுவது பணக்காரர் பழக்கம். ஒரு தட்டு தெருவுக்கே போதும். நாங்கள் பதினோரு பேர் பார்த்தோம்.