சர்வர் நுண்செயலிச் சந்தை: வாங்குவோருக்கு இரண்டாவது விற்பனையாளர் ஏன் தேவை?

வங்கியானாலும் பல்கலைக்கழகமானாலும் மருத்துவமனையானாலும், சர்வர் எனப்படும் வழங்கிக் கணினியை வாங்கும்போது அதனுள் இருக்கும் நுண்செயலி அமெரிக்காவின் இன்டெல் நிறுவனத்தினுடையதாகவே இருக்கும் என்று, 2017 ஆம் ஆண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிட முடிந்தது. அதன் ஒரே நேரடிப் போட்டியாளரான ஏஎம்டி நிறுவனத்தின் பங்கு, அப்போது ஒரு சதவீதத்துக்கும் கீழே சென்றிருந்தது.

ஆனால் 2024 ஆம் ஆண்டின் மூன்றாவது காலாண்டில், தரவு மையங்களுக்கான விற்பனையில் ஏஎம்டி முதல் தடவையாக இன்டெலை முந்தியது. ஏஎம்டியின் வருமானம் சுமார் 3.5 பில்லியன் டாலர்களாகவும், இன்டெலின் வருமானம் சுமார் 3.3 பில்லியன் டாலர்களாகவும் இருந்தன. ஏஎம்டியின் கணக்கில் செயற்கை நுண்ணறிவுக்கான சில்லுகளும் சேர்ந்திருந்தன என்பது உண்மையே. ஆயினும், ஏழே ஆண்டுகளில் ஏற்பட்ட இந்த மாற்றம் சாதாரணமானதல்ல.

இது வெறுமனே இரண்டு நிறுவனங்களின் வெற்றி தோல்விக் கதை அல்ல. உலகின் வங்கிக் கணக்குகளும், மருத்துவப் பதிவுகளும், அரசாங்கக் கோப்புகளும் இயங்கும் கணினிகளின் விலையையும் கிடைப்பையும் யார் தீர்மானிப்பது என்ற கேள்வி இதற்குள் அடங்கியிருக்கிறது.

ஐட்டேனியம் தந்த பாடம்

இந்தச் சந்தையில் கேள்வியைத் தீர்மானிப்பது வேகம் மட்டுமல்ல என்பதற்குச் சிறந்த உதாரணம் ஐட்டேனியம். ஹியூலெட் பக்கார்ட் நிறுவனத்துடன் இணைந்து பல ஆண்டுகள் உழைத்து, 2001 ஆம் ஆண்டு இன்டெல் அதனை வெளியிட்டது. 64 பிட் கணிமையின் எதிர்காலம் இதுவே என்று அப்போது பரவலாக நம்பப்பட்டது.

ஆனால், நிறுவனங்கள் அதுவரை பயன்படுத்திவந்த மென்பொருட்கள் ஐட்டேனியத்தில் மிக மெதுவாகவே இயங்கின. முழுப் பயனையும் பெற வேண்டுமானால், அவற்றைப் புதிதாக மாற்றியமைக்க வேண்டியிருந்தது.

2003 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட ஆப்டெரான் நுண்செயலியோ, பழைய மென்பொருட்களை அப்படியே வேகமாக இயக்கியது. அதேவேளை, 64 பிட் கணிமைக்கும் வழிவிட்டது. வாங்குவோர் எதை விரும்பினார்கள் என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. மறு ஆண்டே இன்டெலும் தனது ஜியான் நுண்செயலிகளில் அதே வழிமுறையைப் பின்பற்ற நேர்ந்தது. 2006 இல் சர்வர் நுண்செயலிச் சந்தையில் சுமார் கால் பங்கு ஏஎம்டியின் வசம் இருந்தது. ஐட்டேனியம் படிப்படியாகத் தேய்ந்து, 2021 இல் அதன் விநியோகம் முற்றுப்பெற்றது.

எனினும், கையில் கிடைத்த இடத்தை ஏஎம்டியால் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. 2007 இல் வந்த அதன் அடுத்த தலைமுறை நுண்செயலியில் வடிவமைப்புக் குறைபாடு கண்டறியப்பட்டதால் விநியோகம் தாமதமானது. 2011 இல் வந்த புல்டோசர் வடிவமைப்பும் எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்யவில்லை. சர்வர் கணினிகளை வாங்குவோர் பல ஆண்டுகளுக்கான திட்டத்துடனேயே வாங்குகிறார்கள். ஒரு முறை இழந்த நம்பிக்கையை அவர்களிடம் மீளப்பெற ஒரு நல்ல தயாரிப்பு மாத்திரம் போதாது.

தொழிற்சாலையே தீர்மானித்தது

2017 இல் எபிக் என்ற பெயரில் ஏஎம்டி மீண்டும் களமிறங்கியது. 2019 இல் வெளியான அதன் இரண்டாம் தலைமுறையில், கோர் எனப்படும் கணிப்பு அலகுகள் 64 வரை இருந்தன. தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் தனது 7 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் அதற்கான சில்லுகளைத் தயாரித்துக் கொடுத்தது.

ஏஎம்டி தனது தொழிற்சாலைகளை 2009 இலேயே தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டிருந்தது. அன்று பலவீனமாகக் கருதப்பட்ட அந்த முடிவே, பின்னர் மிகச் சிறந்த உற்பத்தியாளரைத் தேடிச் செல்லும் சுதந்திரத்தை அதற்குத் தந்தது. மாறாக, சொந்தத் தொழிற்சாலைகளையே நம்பியிருந்த இன்டெல், 10 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் பல ஆண்டுகள் பின்தங்கியது. அந்தத் தொழில்நுட்பத்தில் பெருமளவில் விற்கத்தக்க ஜியான் நுண்செயலி 2021 ஏப்ரலில்தான் வெளிவந்தது.

வாடிக்கையாளரே உற்பத்தியாளர்

இதற்கிடையில் வாங்குவோரின் தன்மையும் மாறிவிட்டது. முன்னர் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் தத்தமக்கெனச் சில சர்வர்களை வாங்கின. இன்றோ அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்ற சில நிறுவனங்கள் பெருந்தொகையாக வாங்கி, அவற்றின் கணிப்புத் திறனை மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுகின்றன.

அந்தப் பெரும் வாடிக்கையாளர்களே தமக்கான நுண்செயலிகளை வடிவமைக்கவும் தொடங்கிவிட்டார்கள். ஆர்ம் வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்ட கிராவிட்டானை அமேசான் 2018 இல் அறிவித்தது. மைக்ரோசாஃப்டின் கோபால்ட் 2023 இலும், கூகுளின் ஆக்சியான் 2024 இலும் அறிவிக்கப்பட்டன. தமது மென்பொருட்களைத் தாமே மாற்றியமைக்கும் ஆற்றல் இவர்களுக்கு இருப்பதால், ஐட்டேனியத்தை வீழ்த்திய தடை இவர்களைத் தடுக்கவில்லை.

மறுபுறம், செயற்கை நுண்ணறிவு அலை முதலீட்டின் திசையையே மாற்றியது. என்விடியா நிறுவனத்தின் தரவு மைய வருமானம், 2023 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் சுமார் 15 பில்லியன் டாலர்களாக இருந்தது. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அது 115 பில்லியன் டாலர்களைத் தாண்டியது. வழமையான சர்வர்களைப் புதுப்பிக்க ஒதுக்கப்படக்கூடிய பணத்தில் ஒரு பகுதியை இந்தச் சில்லுகள் ஈர்த்துக்கொண்டன.

போட்டி குன்றினால் என்ன ஆகும்?

திரைப்பட வரைகலை, பொறியியல் வடிவமைப்பு போன்ற பணிகளுக்கான வொர்க்ஸ்டேஷன் கணினிகளின் சந்தை சிறியதுதான். ஆனால் போட்டி குறையும்போது என்ன நடக்கும் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

2021 இல் ஏஎம்டியின் 64 கோர்கள் கொண்ட திரெட்ரிப்பர் புரோ, சில்லறை விற்பனையில் ஏறத்தாழ 5,500 டாலர்களுக்கு வந்தது. 2023 இல் வந்த 96 கோர்கள் கொண்ட உயர்நிலை நுண்செயலியின் விலை ஏறத்தாழ 10,000 டாலர்கள். அதே ஆண்டு இன்டெல் இந்தப் பிரிவில் கொண்டுவந்த உயர்நிலை நுண்செயலியில் 56 கோர்களே இருந்தன. கோர்கள் ஒன்றரை மடங்காகின. விலையோ அதைவிட அதிகமாக உயர்ந்தது. எதிரில் வலுவான போட்டியாளர் இல்லாத எந்த நிறுவனமும் இப்படித்தான் நடந்துகொள்ளும். நேற்று இன்டெலுக்குப் பொருந்தியது இன்று ஏஎம்டிக்கும் பொருந்துகிறது.

இன்டெலின் சரிவுக்கு மனித விலையும் உண்டு. 15,000க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்கப்போவதாக 2024 ஆகஸ்டில் அது அறிவித்தது. தமிழர்கள் கணிசமாக வாழும் மலேசியாவின் பினாங்கில், இன்டெல், ஏஎம்டி ஆகிய இரண்டுமே 1972 இல் தமது ஆலைகளைத் தொடங்கின. அத்தகைய நகரங்களில், சர்வர் சந்தையின் ஏற்ற இறக்கம் குடும்பங்களின் மாத வருமானத்தோடு நேரடியாகத் தொடர்புபட்டது.

2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசாங்கமே இன்டெலின் ஏறத்தாழ 10 சதவீதப் பங்குகளைப் பெற்றுக்கொள்ள முடிவெடுத்தது. அடுத்த மாதம், அந்நிறுவனத்தில் 5 பில்லியன் டாலர்களை முதலிடப்போவதாக என்விடியா அறிவித்தது. அதற்கடுத்த மாதம் தெரியவந்தது இன்னொரு முரண்: தனது நுண்செயலிகளுக்கான கேள்வி உயர்ந்திருந்தும், அதனை ஈடுசெய்யப் போதிய உற்பத்தித் திறன் இல்லை என்று இன்டெல் கூறியது.

இங்கு ஒரு பழைய வரலாறு நினைவுகூரத்தக்கது. 1980களின் தொடக்கத்தில், தனது கணினிகளுக்கான நுண்செயலிகளை ஒரே நிறுவனத்திடம் மட்டும் வாங்க ஐபிஎம் விரும்பவில்லை. அதன் காரணமாகவே 1982 இல் இன்டெல் தனது தொழில்நுட்பத்தை ஏஎம்டியுடன் பகிர ஒப்பந்தம் செய்துகொண்டது. அதாவது, ஏஎம்டி இந்தச் சந்தையில் காலூன்றியதே வாங்குவோரின் முன்னெச்சரிக்கையால்தான்.

இன்று அந்த முன்னெச்சரிக்கை வேறோர் இடத்தில் தேவைப்படுகிறது. எபிக், கிராவிட்டான், என்விடியாவின் சில்லுகள் என்று பெயர்கள் பலவாக இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை தயாராவது தைவானின் அந்த ஒரே நிறுவனத்தில்தான். பெரும் நிறுவனங்கள் தமக்குரிய பங்கை முன்கூட்டியே பேசி ஒதுக்கிக்கொள்ள முடியும். சில சர்வர்களை மட்டுமே வாங்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கோ மாவட்ட மருத்துவமனைக்கோ அந்தப் பலம் இல்லை.

வடிவமைப்பில் போட்டி திரும்பியிருக்கிறது. உற்பத்தியிலும் அது திரும்பும்வரை, பற்றாக்குறை ஏற்படும்போது வரிசையின் கடைசியில் நிற்கப்போவது இந்தச் சிறிய வாடிக்கையாளர்கள்தான்.