முதல்ல கூடு, பிறகுதான் என்ஜின்

ஒஃப்-ரோட் பகி ஒண்டு கட்டுவமா எண்டு நாலு பேர் கூடிக் கதைச்சால், முதல் கேள்வி "என்ன என்ஜின் போடுறது?" எண்டுதான் வரும். அடுத்தது, "எவ்வளவு வேகம் ஓடும்?" இந்த இரண்டு கேள்வியையும் கடைசிக்குத் தள்ளவேணும் என்பது எங்கட கட்சி.

பகி பெரிய சங்கதி இல்லை. குழாய்களை வளைத்து ஒட்டிய ஒரு கூடு, அகலமான ரயர், நன்றாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன், பின்பக்கம் ஒரு என்ஜின். மணலிலும் மேடுபள்ளத்திலும் அதைக் காப்பாற்றுவது பாரம் குறைவாக இருப்பதுதான். 1964 இல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் ஃபைபர்கிளாஸ் உடலுக்குள் வோக்ஸ்வாகன் பீட்டிலின் பாகங்களைப் பூட்டி 'மேயர்ஸ் மாங்ஸ்' பகியைச் செய்தார். 1967 இல் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தை அது 34 மணி 45 நிமிடத்தில் கடந்து, அதுவரை மோட்டார்சைக்கிள் வைத்திருந்த சாதனையை முறியடித்தது. மேயர்ஸ் படித்தது ஓவியம், பழகினது ஃபைபர் படகு வேலை. "இது என்ஜினியரிங் பெடியளின்ர வேலை, கலைப்பீடத்துக்கு என்ன அலுவல்?" எண்டு கேட்கிறவைக்கு எங்கட முதல் பதில் அவர்தான். ஃபைபர் படகு திருத்துற கை எங்கட கரையோர ஊர்களில் இண்டைக்கும் இருக்கு.

இரண்டாவது பதில், அமெரிக்காவில் 1976 இல் தொடங்கிய பாஹா எஸ்.ஏ.ஈ. என்ற பல்கலைக்கழகப் போட்டி. எல்லா அணிக்கும் ஒரே சின்ன என்ஜின்தான். நீண்ட காலம் அது வெறும் 10 குதிரைவலு. அதில் கைவைக்கக் கூடாது. வண்டியின் வடிவமைப்புக்கும், செலவறிக்கைக்கும், அதை எப்படி விற்பது என்ற விளக்கவுரைக்கும் கூடப் புள்ளி உண்டு. எழுதவும் பேசவும் தெரிந்தவர் அங்கே அணிக்கு வேணும். விதிகளும் பாதுகாப்பில் கறார்: கூட்டின் முக்கிய குழாய்க்கு 25 மில்லிமீற்றர் விட்டம், 3 மில்லிமீற்றர் தடிப்பு, ஓட்டுபவர் 5 வினாடிக்குள் வெளியே இறங்கவேணும், என்ஜினை நிப்பாட்டுற சுவிட்ச் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

இங்கே தொடங்குபவர்கள் இந்த ஒழுங்கையே பிடிக்கலாம். தண்ணிக் குழாயில் கூடு கட்டாதேங்கோ. அது மோதலைத் தாங்கச் செய்த குழாய் இல்லை. ஒட்டும்போது அதன் நாகப் பூச்சு எரிஞ்சு வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். கூடும் பெல்ட்டும் பிரேக்கும் சரிவந்த பிறகு ஓட்டோ என்ஜினைத் தேடுங்கோ. கியர்பெட்டியும் டிஃபரன்சலும் அதோடையே வரும், றிவேஸும் இருக்கு, சாமான் எல்லா ஊரிலும் கிடைக்கும். வெல்டிங் முகமூடி பெட்டையளின்ர கைக்கும் போகவேணும். படம் எடுக்க மட்டும் கூப்பிடாதேங்கோ.

எங்கே ஓடுறது? 'பாதையை விட்டு இறங்குறது' எங்களுக்கு லேசான சொல் இல்லை. கண்ணிவெடிச் சிவப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். முகமாலையில் நிலத்தை எத்தனை வருசமாய்க் கிளறி வெடி எடுத்தார்கள் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆகவே தெரியாத பற்றைக்காடு வேண்டாம். மணற்காட்டு மணல்மேடும் வேண்டாம். மேட்டைப் பிடிச்சு வைத்திருக்கிற செடிகொடி ரயரில் அறுந்தால் மணல் காற்றோடு போகும். காலபோக அறுவடை முடிஞ்ச வயல் போதும். வருசாவருசம் உழவு மெசின் ஏறி இறங்கிய நிலம் அது. சொந்தக்காரரைக் கேட்டு, வரம்பை உடைக்காமல் ஓடுங்கோ. பதிவில்லாத வண்டியை வீதியில் ஓட்டேலாது. லான்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏத்திக்கொண்டு போங்கோ.

ஹெல்மெட்டைக் கையில் கொழுவிக்கொண்டு மோட்டார்சைக்கிள் ஓடுற ஊர் இது. எங்கட வயசுக்காரரின் செத்தவீடுகளுக்கு நாங்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். முதலில் கூட்டைப் பலமாய்க் கட்டி, பெல்ட்டை இறுக்கி, 5 வினாடியில் இறங்கிப் பழகின ஒருத்தர் வீதிக்கும் அந்தப் பழக்கத்தோடை வருவார் எண்டு நம்புகிறோம். இந்த வேலையில் எங்களுக்கு வேண்டிய லாபம் அதுதான்.