நட்சத்திரம் இல்லாத வாகனங்கள்

கார் வாங்கச் செல்லும் நடுத்தர வர்க்கத்துக் குடும்பம், "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்று மட்டுமே கேட்ட காலம் மலையேறிவிட்டது. "எத்தனை நட்சத்திரம்?" என்கிற கேள்வியும் இப்போது சேர்ந்தே எழுகிறது. மோதல் சோதனையில் தங்கள் வாகனம் பெற்ற நட்சத்திரங்களை நிறுவனங்கள் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துப் பெருமைப்பட்டுக் கொள்கின்றன. வரவேற்கப்பட வேண்டிய மாற்றம்தான். ஆனால், அந்தக் கேள்வியை எழுப்புவதற்கே வழியில்லாத ஒரு வாகனம், தில்லி ஆசாத்பூர் காய்கறிச் சந்தை தொடங்கி தூத்துக்குடி மாவட்டத்து வயல்வெளி வரை நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் பிக்கப் வேன்.

கார்களில் இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதை நினைவுகூர்வது அவசியம். 2014 ஜனவரியில் 'குளோபல் என்கேப்' அமைப்பு, இந்தியாவில் விற்பனையாகும் ஐந்து கார்களின் மோதல் சோதனை முடிவுகளை வெளியிட்டது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹுண்டாய் ஐ-10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ ஆகிய ஐந்தின் அடிப்படை மாதிரிகளும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதியபோது ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அதே போலோ, ஏர்பேக் எனப்படும் காற்றுப்பைகள் இரண்டு பொருத்தப்பட்டு மீண்டும் சோதிக்கப்பட்டபோது நான்கு நட்சத்திரங்களைப் பெற்றது. இந்தியரின் உயிருக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதை யாரோ ஒருவர் எங்கோ அமர்ந்து கணக்கிட்டுக் கொண்டிருந்தார் என்பதை அந்த முடிவுகள் அம்பலப்படுத்தின.

அதன் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. மோதல் சோதனை விதிகள் 2017 அக்டோபர் முதல் புதிய மாதிரிகளுக்கும், 2019 அக்டோபர் முதல் எல்லாக் கார்களுக்கும் நடைமுறைக்கு வந்தன. ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலையில் கட்டாயமானது. அவருக்கு அருகில் அமர்பவருக்கான காற்றுப்பை 2021 டிசம்பர் இறுதிக்குள் கட்டாயமாக்கப்பட்டது. உற்பத்தியாளர்களும் மாறினார்கள். 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரங்களைப் பெற்றது. 2020-இல் எஸ்-பிரெஸ்ஸோவுக்கு ஒரு நட்சத்திரமும் பெறாத மாருதி நிறுவனம், 2024-இல் டிசையருக்கு ஐந்து நட்சத்திரங்களைப் பெற்றது. வாங்குபவர் கேட்டால் விற்பவர் கொடுத்தே தீர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

2023 ஆகஸ்ட் 22-ஆம் தேதி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, புது தில்லியில் 'பாரத் என்கேப்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்த ஆண்டு அக்டோபர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. நமது வாகனங்களை நாமே சோதித்து நட்சத்திரம் வழங்கலாம் என்கிற நிலையை எட்டியது பெருமைக்குரியது. ஆனால், திட்டத்தின் வரையறையைப் படித்தால் ஓர் இடைவெளி கண்ணில் படுகிறது. ஓட்டுநர் நீங்கலாக எட்டு பேருக்கு மிகாமல் பயணிக்கும், 3.5 டன்னுக்கு மிகாத 'எம்-1' வகைப் பயணிகள் வாகனங்களுக்கு மட்டுமே அது வகுக்கப்பட்டது. அதே எடை வரம்புக்குள் வரும் சரக்கு வாகனங்கள் 'என்-1' என்கிற வேறொரு வகை. பிக்கப் வேன்களில் பெரும்பாலானவையும், 2005-இல் அறிமுகமாகி நம்மவர்களால் 'குட்டி யானை' என்று செல்லமாக அழைக்கப்படும் டாடா ஏஸும் இந்த வகையைச் சேர்ந்தவை. காற்றுப்பையைக் கட்டாயமாக்கிய அறிவிக்கைகளும் 'எம்-1' வகையைத்தான் குறிப்பிட்டன.

சரக்கு வாகனத்தில் சரக்குதானே போகிறது என்று கேட்கலாம். நடைமுறை என்ன என்பது கேட்பவருக்கும் தெரியும். 2021 பிப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணியாச்சி அருகே சரக்கு வேன் கவிழ்ந்து, விவசாய வேலைக்குச் சென்ற ஐந்து பெண்கள் உயிரிழந்தனர். 2024 பிப்ரவரி இறுதியில் மத்தியப் பிரதேச மாநிலம் திண்டோரியில், வளைகாப்பு நிகழ்ச்சிக்குச் சென்று திரும்பியவர்களின் பிக்கப் வேன் கவிழ்ந்து 14 பேர் மாண்டனர். அதே ஆண்டு மே மாதம் சத்தீஸ்கர் மாநிலம் கபீர்தாம் மாவட்டத்தில், பீடி இலை பறித்துவிட்டுத் திரும்பிய பழங்குடியினரின் பிக்கப் வேன் பள்ளத்தில் பாய்ந்ததில் 19 பேர் பலியாயினர். அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். மாநிலங்கள் வேறு, மொழிகள் வேறு. வாகனமும் அதில் ஏறியவர்களின் வறுமையும் மட்டும் ஒன்று.

இந்த வாகனங்களின் உரிமையாளர்கள் பாதுகாப்பு மதிப்பீட்டை எப்படிப் பார்க்கிறார்கள்? அவர்களிடையே வேரூன்றியிருக்கும் முதல் நம்பிக்கை, கனமான வண்டி பாதுகாப்பான வண்டி என்பது. தகட்டைத் தட்டிப் பார்த்து, அடிச்சட்டத்தைக் குனிந்து பார்த்து, "இரும்பு மாதிரி வண்டி" என்று சான்றிதழ் வழங்கிவிடுகிறார்கள். சோதனைக்கூடம் வேறு விதமாகச் சொல்கிறது. கட்டுமஸ்தான தோற்றம் கொண்ட மஹிந்திரா ஸ்கார்ப்பியோ, காற்றுப்பை இல்லாத மாதிரியில் 2016-இல் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. 2024-இல் பொலேரோ நியோவுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. ஆப்பிரிக்கச் சந்தையில் விற்கப்பட்ட நிஸ்ஸான் பிக்கப் ஒன்றின் பெயரே 'ஹார்ட்பாடி', அதாவது உறுதியான உடல். 2018-இல் சோதிக்கப்பட்டபோது அது பெற்றது பூஜ்யம்.

காரணம் எளிமையானது. மோதலின் வேகத்தை ஏதாவது ஒன்று தாங்கியாக வேண்டும். முகப்பு மடங்கி நொறுங்கி அந்த வேகத்தை உள்வாங்கி, பயணிகள் அமரும் கூடு மட்டும் சிதையாமல் நிற்பதுதான் நல்ல வடிவமைப்பு. முகப்பு மடங்க மறுத்தால், அதிர்ச்சி உள்ளே இருப்பவரின் மார்புக்கும் கழுத்துக்கும் போய்ச் சேரும். சிறிய சரக்கு வாகனங்கள் பலவற்றில் முகப்புக்கும் ஓட்டுநரின் முழங்காலுக்கும் நடுவே மடங்குவதற்கே போதிய இடம் கிடையாது. இந்த லட்சணத்தில், பாதுகாப்பு என்று கருதிப் பலரும் முன்னால் இரும்புத் தடுப்புக் கம்பிகளைப் பொருத்திக் கொள்கிறார்கள். அவை வண்டியின் முகப்பைக் காப்பாற்றலாம். ஆனால், மோதலின் அதிர்ச்சியை அடிச்சட்டத்துக்குக் கடத்துகின்றன. காற்றுப்பை உரிய நேரத்தில் விரிவதற்கு இடையூறாகின்றன. எதிரே வரும் பாதசாரிக்கு எமனாகின்றன. 2017 டிசம்பரிலேயே இவற்றைத் தடுக்குமாறு மாநிலங்களை மத்திய அரசு அறிவுறுத்தியது. இன்றும் அவை கண்ணில் படாத நெடுஞ்சாலை இல்லை. 2022-இல் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் 44.5%, பாதசாரிகள் 19.5% என்பதை இந்த இடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உரிமையாளர்களின் இரண்டாவது கருத்து, நட்சத்திரம் என்பது பணக்காரர்களின் காருக்குத்தானே தவிர, உழைக்கும் வண்டிக்கு அல்ல என்பது. இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. கடனில் வண்டி வாங்கி, மாதத் தவணையையும் டீசல் செலவையும் சமாளித்து, வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் சிறு உரிமையாளருக்கு, கூடுதலாக ஏற்றக்கூடிய நூறு கிலோ எடைதான் வருமானம். காற்றுப்பை வருமானம் தராது. அவரை வில்லனாகச் சித்திரிப்பதில் நமக்கு உடன்பாடு இல்லை.

பிரச்னையின் வேர் இங்கேதான் இருக்கிறது. கார் வாங்குபவர் அதே காரில் தனது மனைவி, மக்களுடன் பயணிக்கிறார். அதனால் நட்சத்திரம் அவருக்குப் பொருள்படுகிறது. சந்தை தானாகவே திருந்துகிறது. சரக்கு வாகனத்தில் பெரும்பாலும் பணம் போடுபவர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர், பின்னால் தொற்றிக்கொண்டு செல்பவர்கள் மற்றவர்கள். உயிரைப் பணயம் வைப்பவருக்கு வாகனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் சந்தை பதில் சொல்லாது. அங்கே சட்டம்தான் பேச வேண்டும்.

அமெரிக்கா அப்படித்தான் செய்தது. 1991-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் அடிப்படையில், அங்கே 1997 செப்டம்பர் முதல் கார்களுக்கும், 1998 செப்டம்பர் முதல் பிக்கப் உள்ளிட்ட இலகுரக வாகனங்களுக்கும் முன்னிருக்கைக் காற்றுப்பைகள் கட்டாயமாயின. இரண்டுக்கும் இடைவெளி ஒரே ஓர் ஆண்டு. ஐரோப்பாவின் 'யூரோ என்கேப்' அமைப்பு, 2020 டிசம்பரில் சரக்கு வேன்களுக்கெனத் தனி மதிப்பீட்டைத் தொடங்கி, சில வாகனங்களைப் 'பரிந்துரைக்கத் தக்கவை அல்ல' என்று வெளிப்படையாகவே அறிவித்தது. ஆஸ்திரேலியாவில் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் 2019-இல் ஐந்து நட்சத்திரங்களைப் பெற்றது. பிக்கப் என்பதாலேயே பாதுகாப்பு சாத்தியமில்லை என்கிற வாதம் எடுபடாது. தொழில்நுட்பம் இருக்கிறது, அதை யாருக்குத் தருவது என்பதில்தான் பாரபட்சம் இருக்கிறது.

கார்களைப் போலவே லாரிகளுக்கும் இதர வணிக வாகனங்களுக்கும் பாதுகாப்பு மதிப்பீடு கொண்டுவரப்படும் என்று 2025 ஜூலையில் அமைச்சர் கட்கரி அறிவித்தார். அதைப் பாராட்டும் அதே வேளையில், கடந்தகால அனுபவம் நம்மை எச்சரிக்கிறது. ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம் என்று 2023 டிசம்பரில் அறிவிக்கை வெளியானபோது, 'என்-2', 'என்-3' வகைப் பெரிய லாரிகள்தான் சேர்க்கப்பட்டன. 'என்-1' விடுபட்டது. பெரிய லாரிக்குச் சங்கம் இருக்கிறது, குரல் இருக்கிறது. சிறிய வேன், காருக்கும் லாரிக்கும் நடுவே யாருடைய கவனத்திலும் படாமல் நழுவிவிடுகிறது. இந்த முறையும் அப்படி நடந்துவிடக் கூடாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எத்தனை நட்சத்திரம் கொடுத்தாலும், அது இருக்கையில் அமர்ந்து சீட் பெல்ட் அணிந்தவருக்கு மட்டுமே. மோதல் சோதனையில் பொம்மைகள் இருக்கைகளில்தான் அமர்த்தப்படுகின்றன. சரக்குத் தட்டில் அல்ல. பின்னால் நின்றுகொண்டு பயணிக்கும் கூலித் தொழிலாளிக்கு எந்தச் சோதனைக்கூடமும் நட்சத்திரம் வழங்க முடியாது. அவருக்குத் தேவை இருக்கையுள்ள வேறொரு வாகனம்.

சட்டம் அவரை இன்னொரு வகையிலும் கைவிடுகிறது. சரக்கு வாகனத்தில் கட்டணமின்றி ஏற்றிச் செல்லப்படும் பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று ஆஷா ராணி வழக்கில் 2002 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்கின் உரிமையாளர் அல்லது அவரது பிரதிநிதிக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு. முதலில் நிறுவனம் இழப்பீட்டை வழங்கிவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக் கொள்ளட்டும் என்று சில வழக்குகளில் நீதிமன்றங்கள் இரக்கம் காட்டியதுண்டு. அப்போதும் சுமை வந்து விழுவது வாகன உரிமையாளரின் தலையில்தான். ஒரு நாள் வாடகைக்கு ஆசைப்பட்டு ஆள்களை ஏற்றுபவர், தனது வண்டியையும் வீட்டையும் சேர்த்தே பணயம் வைக்கிறார் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. 'என்-1' வாகனங்களுக்கான மோதல் பாதுகாப்பு, ஓட்டுநர் காற்றுப்பை ஆகியவற்றுக்குக் கால வரம்பு குறித்துச் சட்டம் இயற்ற வேண்டும். இந்த வாகனங்களையும் உள்ளடக்கிய நட்சத்திர மதிப்பீடு, நிறுவனங்கள் விரும்பினால் என்றில்லாமல் கட்டாயமாக்கப்பட வேண்டும். சென்னையை அடுத்த ஒரகடத்திலும் தில்லியை அடுத்த மானேசரிலும் சோதனைக்கூடங்கள் இருக்கும்போது, வசதி இல்லை என்று சொல்ல முடியாது. அரசுத் துறைகளும் பெரிய வணிக நிறுவனங்களும் பாதுகாப்பு மதிப்பீடு பெற்ற சரக்கு வாகனங்களை மட்டுமே வாங்குவது, வாடகைக்கு அமர்த்துவது என்று முடிவெடுத்தால், சிறு உரிமையாளரின் கணக்கும் மாறும். அத்தகைய வாகனங்களுக்குக் கடன் வட்டியிலும் காப்பீட்டுக் கட்டணத்திலும் சலுகை தரலாம். உயிர் காக்கும் கருவிக்கு ஆகும் கூடுதல் செலவை ஏழை ஓட்டுநரின் தோளில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நியாயமாகாது.

மாநில அரசுகளுக்கும் பொறுப்பு இருக்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தமிழகம்தான் நாட்டிலேயே முதலிடம் வகித்தது. அறுவடைக் காலத்திலும் திருவிழாக் காலத்திலும் தொழிலாளர்கள் செல்லும் தடங்களில் பேருந்து இயக்காமல், சரக்கு வேனில் ஏறியதற்காக அபராதம் மட்டும் விதிப்பது கண்துடைப்பு. பேருந்து வராத ஊருக்கு வருவதால்தான் மக்கள் வேனில் ஏறுகிறார்கள்.

நாடாளுமன்றத்தில் காற்றுப்பைகளின் எண்ணிக்கை குறித்து விவாதிக்கும் நமது உறுப்பினர்கள், அவை எந்த வாகனத்தில் இல்லை என்பதையும் கேட்க வேண்டும். காரில் செல்பவரின் உயிருக்கு ஐந்து நட்சத்திரம், அவர் வீட்டுக்குக் காய்கறி கொண்டு வருபவரின் உயிருக்கு ஒன்றுமில்லை என்பது ஒரு குடியரசுக்கு அழகல்ல. சாலை எல்லோருக்கும் பொது. பாதுகாப்பும் பொதுவாகத்தான் இருக்க வேண்டும்!