சட்டைப் பைக்குள் ஒரு நல்ல கேமரா: வாங்கலாமா, வேண்டாமா?

"கையில்தான் போன் இருக்கிறதே மிசியே, தனியாக ஒரு கேமரா எதற்கு?" கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது என்னிடம் இதைக் கேட்டிருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர்கள், உள்ளங்கை அகலமுள்ள ஒரு பெட்டிக்குப் பல ஆயிரங்களைக் கொட்டிக் கொடுப்பதா என்று வீட்டிலும் கேட்பார்கள். 2013ல் என் மகன் பிரான்ஸிலிருந்து வாங்கி வந்த சோனி ஆர்எக்ஸ்100 கேமராவைத்தான் இன்றுவரை வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் என் கருத்தைச் சொல்கிறேன்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் மூன்று பகுதியாகத்தான் எழுத வேண்டும் என்பார் எங்கள் வாத்தியார். முதலில் ஒரு பக்கத்து வாதம், அடுத்து அதற்கு எதிர்வாதம், கடைசியில் முடிவு. பிறகு அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து கோப்பில் குறிப்பு எழுதியபோதும் ஏறக்குறைய இதே கதைதான். முடிவை மட்டும் அதிகாரி எழுதுவார். இங்கே எனக்கு மேலே அதிகாரி இல்லை. முடிவையும் நானே எழுதிக்கொள்கிறேன்.

நிறைகள்

பிரெஞ்சில் 'கமெரா' என்றால் சினிமாவோ வீடியோவோ எடுக்கிற கருவி. போட்டோ எடுப்பதற்கு 'அப்பரேய் ஃபோத்தோ' என்று வேறு பெயர். ஆனால் கேமரா என்ற சொல்லின் மூலம் லத்தீன்; அங்கே அதற்கு அறை என்று பொருள். ஓர் இருட்டறை, அதில் ஒரு துவாரம், உள்ளே விழும் வெளிச்சம். அன்றைக்கும் இன்றைக்கும் விஷயம் இவ்வளவுதான். எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது, அதைப் பிடித்துக்கொள்ளும் பரப்பு எவ்வளவு பெரியது என்பதில்தான் படத்தின் தரம் இருக்கிறது. ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்சார் இருக்கிறது.

ஆர்எக்ஸ்100 வெளிவந்தது 2012ல். அதுவரை சட்டைப் பைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது; சுமார் 6 மில்லிமீட்டருக்கு 4.5 மில்லிமீட்டர். இதில் இருப்பது 13.2க்கு 8.8. பரப்பளவில் நான்கு மடங்கு. இதற்கு 'ஒரு அங்குல சென்சார்' என்று பெயர். ஆனால் ஸ்கேலை வைத்து அளந்தால் மூலைக்கு மூலை 16 மில்லிமீட்டர்தான் வரும். பழைய டெலிவிஷன் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் விட்டத்தை வைத்து அளவு சொன்ன காலத்து வழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. பெயரில் கொஞ்சம் மிகை இருந்தாலும் வேலையில் குறையில்லை. லென்ஸின் திறப்பு எஃப் 1.8. சாயங்கால வெளிச்சத்திலும், ஒற்றைக் குழல்விளக்கு எரியும் கூடத்திலும், ஃபிளாஷ் போடாமல் படம் எடுக்கலாம்.

இவ்வளவும் 240 கிராமுக்குள். கேமராவைப் பொறுத்தவரை என் முதல் விதி, கூட வராத கேமரா கேமரா அல்ல என்பதுதான். பெரிய எஸ்எல்ஆர் வாங்கியவர்கள் வீட்டில் அது பீரோவுக்குள் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். எழுபது வயதுக்கு மேல் கழுத்தில் ஒரு கிலோவைத் தொங்கவிட்டுக்கொண்டு யார் நடப்பது?

2014 நவம்பர் மழையில் எங்கள் ஊர் மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. 1870களின் தொடக்கத்தில் கட்டிய நகரசபைக் கட்டடம். இப்போது அதே இடத்தில் அதே சாயலில் புதிதாக எழுப்பியிருக்கிறார்கள். பழைய கட்டடத்தை அதற்கு முன் காலை நடையின்போது பலமுறை படம் எடுத்திருந்தேன். அந்தப் படங்களைக் கணினியில் பெரிதாக்கினால் ஜன்னல் சட்டங்களை எண்ணலாம், சுண்ணாம்புப் பூச்சின் விரிசலைப் பார்க்கலாம். பையில் கேமரா இருந்ததால்தான் அது நடந்தது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நம் வீடுகளில் ஒருவர் காலமானால், அழுகை அடங்குவதற்குள் எழும் முதல் கேள்வி, "நல்ல போட்டோ ஒன்று இருக்கா?" என்பதுதான். பத்துப் பேர் பத்து போனைத் துழாவுவார்கள். கல்யாணக் கூட்டத்தில் ஓரமாக நின்ற படம் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறிச் சுருங்கிப்போன படம் கிடைக்கும். கடைசியில் ஆதார் அட்டையில் இருப்பதையே ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்துப் பெரிதாக்கச் சொல்வார்கள். அவரும் பாவம், புதுச்சட்டை போட்டு, பின்னால் நீல வானம் வைத்து, ஏதோ செய்து தருவார். மாலைக்கு நடுவில் இருந்து பார்ப்பது யாரோ ஒரு வெளியாள்.

என் பெரியக்காவுக்கு அப்படி நடக்கவில்லை. அவருடைய எண்பத்திரண்டாவது வயதில், திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது காலை வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்திருந்தேன். 20 மெகாபிக்சல் என்றால் நீளவாக்கில் 5472 புள்ளி, அகலவாக்கில் 3648 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 12க்கு 18 அளவில், ஸ்டுடியோக்களில் வழக்கமாகப் போடும் அந்தப் பெரிய பிரிண்ட் சுத்தமாக விழும். மூக்குத்தியின் ஒளி, நெற்றிச் சுருக்கம், காதோரத்து நரை எல்லாம் அப்படியே இருக்கின்றன. பல போன்கள் முகத்தைத் தாமாகவே மெழுகிவிடுகின்றன. எண்பது வருடம் வாழ்ந்து சம்பாதித்த சுருக்கங்களை அழிக்க ஒரு போனுக்கு என்ன உரிமை? அக்காவின் பேத்தி அந்தப் படத்தின் முன்னால் நின்று, "ஆயா இப்பதான் கூப்பிடுற மாதிரி இருக்கு தாத்தா" என்றாள். விலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த வார்த்தைதான் ஞாபகம் வரும்.

குறைகள்

முதல் குறை, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இந்த மாடலில் இல்லை. பின்னால் உள்ள திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பகல் பதினோரு மணி வெயிலில் கடற்கரையில் நின்றால் திரையில் தெரிவது பெரும்பாலும் நம் முகம்தான். திரையை மடக்கவும் முடியாது, தொட்டு இயக்கவும் முடியாது.

இரண்டாவது, பிடிமானம். வழவழப்பான அலுமினிய உடம்பு. முன்பக்கம் விரல் பதிய ஒரு மேடுகூடக் கிடையாது. அழகுக்காகச் செய்தார்கள்போல. வியர்த்த கையில், நடுங்குகிற கையில், இது ஆபத்து. ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பிடி தனியாகக் கிடைக்கிறது, வாங்கி ஒட்டிவிடுங்கள். மணிக்கட்டு வாரை மாட்டாமல் கேமராவை வெளியே எடுக்காதீர்கள்.

மூன்றாவது, பொத்தான்கள் உளுந்தளவு, மெனு எழுத்துகள் எறும்பளவு. வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் ஒன்றும் ஆகாது. ஆயினும் ஒருமுறை பொறுமையாக உட்கார்ந்து வேண்டியதை அமைத்துவிட்டால், பிறகு மெனுவுக்குள் போக வேண்டிய அவசியம் அதிகம் வராது.

நான்காவது, ஜூம். எஃப் 1.8 என்று பெருமையாக எழுதியிருப்பது அகலக் கோணத்துக்கு மட்டும்தான். முழுவதும் இழுத்து 100 மில்லிமீட்டருக்குப் போனால் அது எஃப் 4.9 ஆகிவிடும். உள்ளே வரும் வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது. கோயில் மண்டபத்தில் தூரத்து உற்சவரை எடுக்க நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்து கிட்டே போவதுதான் நல்ல ஜூம்.

ஐந்தாவது, பேட்டரி. நிறுவனக் கணக்கில் 330 படம். பெட்டியில் தனி சார்ஜர் வராது. பேட்டரியைக் கேமராவுக்குள் வைத்தபடியே ஒயரை மாட்டி ஏற்ற வேண்டும். இன்னொரு பேட்டரியும் வெளிச் சார்ஜரும் வாங்கியே ஆக வேண்டும்.

கடைசியாக, கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. லென்ஸ் உள்ளே போய் வெளியே வரும் இவ்வகைக் கேமராக்களுக்குத் தூசியும் உப்புக்காற்றும் எதிரி. லென்ஸைக் கழற்ற முடியாது. உள்ளே தூசி போய்விட்டால் உடம்பையே பிரிக்க வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்தால் பூஞ்சை அண்டாது.

முடிவு

பிறகு வந்த மாடல்கள் இந்தக் குறைகளில் சிலவற்றைத் தீர்த்தன. 2013ல் வந்த இரண்டாவது மாடலில் திரை மடங்கியது. 2014ல் வந்த மூன்றாவது மாடலில் வியூஃபைண்டரே பெட்டிக்குள்ளிருந்து மேலே எழும்பி வந்தது. லென்ஸும் இன்னும் வெளிச்சமானது. 2018ல் வந்த ஆறாவதில் 200 மில்லிமீட்டர் வரை ஜூம் கொடுத்தார்கள், ஆனால் எஃப் 1.8ஐ எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பிடுங்குவதுதான் சின்னப் பெட்டியின் நியதி. விலையும் ஏறியது. முதல் மாடல் அமெரிக்காவில் 650 டாலருக்கு வந்தது. 2019ல் வந்த ஏழாவது 1200 டாலர்.

போன்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு அங்குல சென்சாரே இப்போது சில போன்களுக்குள் வந்துவிட்டது. எடுத்த நொடியில் பாரிஸில் இருக்கும் பேரனுக்கு அனுப்புவதில் போனை எதுவும் மிஞ்ச முடியாது. மின்கட்டண ரசீதையும் மருந்துச்சீட்டையும் எடுக்கக் கேமரா வேண்டாம். ஆகவே, படத்தைப் போனிலேயே பார்த்துப் போனிலேயே மறந்துவிடுகிறவர்கள் தாராளமாகப் போனோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர்களுக்கு இது வீண் செலவு.

படத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும், பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு வாங்கலாம் என்பதே என் பரிந்துரை. புத்தம் புதிய மாடல் வேண்டாம். நல்ல நிலையில் உள்ள பழைய மூன்றாவது மாடல் கிடைத்தால் அதுவே போதும். நேரில் போய் லென்ஸ் தடையில்லாமல் வெளியே வருகிறதா என்று பாருங்கள். வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துக் கரும்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பணம் கொடுங்கள்.

வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒன்று செய்யுங்கள். வீட்டில் எண்பதைத் தாண்டியவர் யாராவது இருந்தால், இந்த வாரமே ஒரு காலை வேளையில் வாசல் பக்கம் உட்கார வையுங்கள். அலங்காரம் வேண்டாம், அவர் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யட்டும். கிட்டே போய் நான்கு படம் எடுங்கள். அதில் ஒன்றை 12க்கு 18 அளவில் பிரிண்ட் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள். தன் படத்தைத் தானே பார்த்து, "என்னடா இப்படிக் கிழவியா எடுத்துவச்சிருக்கே" என்று அவர் திட்டுவதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.