பச்சை அட்டை வரும்வரை வாழ்க்கை நிற்பதில்லை



பிரம்மதேசமாயினும் திண்டிவனமாயினும் விழுப்புரமாயினும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் இல்லங்களில் முன்பெல்லாம் கேட்கப்பட்ட கேள்வி, "எப்போது ஊருக்கு வருகிறார்?" என்பதே. வளைகுடாவில் பணிபுரிந்தோரின் வீடுகளுக்கு அந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது. எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் அங்கு நிலையாகத் தங்க முடியாது என்பதை யாவரும் அறிந்திருந்தனர். அமெரிக்காவுக்குச் சென்று மேற்படிப்பு முடித்து, அங்கேயே வேலையில் அமர்ந்த பிள்ளைகளின் வீடுகளில் கேள்வி மாறிவிட்டது. "தம்பிக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டதா?" என்று கேட்கிறார்கள். "இன்னும் இல்லை" என்று ஆண்டுதோறும் விடை சொல்லிப் பெற்றோர் சலித்துப் போகின்றனர். கேட்பவர் மனத்திலோ, பிள்ளையிடம் ஏதேனும் குறை இருக்குமோ என்ற ஐயம் எழுகிறது.

குறை பிள்ளையிடம் இல்லை. சட்டத்தின் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கை வீட்டார் அறிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும்.

படிக்கச் செல்லும் மாணவன் பட்டம் பெற்ற பின் ஓராண்டு வேலை பார்க்கலாம். அறிவியல், பொறியியல், கணிதம் பயின்றவனாயின் மேலும் 24 மாதங்கள் கிடைக்கும். அதற்குள் 'எச்-1பி' என்னும் பணி விசா கிடைக்க வேண்டும். அது ஆண்டுக்கு 85,000 பேருக்கே உண்டு. விண்ணப்பிப்போர் மிகுதியாதலால் குலுக்கலில் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த விசாவில் ஆறு ஆண்டுகள் பணியாற்றலாம். பச்சை அட்டைக்கான முயற்சி உரிய கட்டத்தை எட்டியிருந்தால், அதற்கு மேலும் நீட்டித்துக்கொள்ள 2000-ஆம் ஆண்டின் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் வேலை போய்விட்டால் வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாட்களே அவகாசம். பதினைந்து ஆண்டுகள் அங்கு வாழ்ந்தவனுக்கும் அதே 60 நாட்கள்தாம்.

பச்சை அட்டை எனப்படும் நிரந்தர வசிப்புரிமையோ இன்னும் நீண்ட வரிசை. 1990-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, வேலைவாய்ப்பு அடிப்படையில் உலகம் முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 அட்டைகள். மனைவி மக்களும் இந்த எண்ணிக்கைக்குள்ளேயே அடங்குவர். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 விழுக்காட்டிற்கு மேல் இல்லை. 140 கோடி மக்கள் வாழும் இந்தியாவுக்கும், சில இலட்சம் பேரே வாழும் ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு. உயர்கல்வி பெற்றோருக்கான இரண்டாம் பிரிவில் இந்தியாவில் பிறந்தோருக்குச் சாதாரணமாகக் கிடைப்பது ஏறத்தாழ 2,800 இடங்கள். பிற நாட்டினர் பயன்படுத்தாமல் விட்ட இடங்கள் சில ஆண்டுகளில் கூடுதலாக வந்து சேரும். வரிசையில் நிற்போரோ இலட்சக்கணக்கில். ஒவ்வொரு மாதமும் அமெரிக்க வெளியுறவுத் துறை எந்த நாள்வரை விண்ணப்பித்தோருக்கு இடம் உண்டு என்று அறிவிக்கிறது. 2025-ஆம் ஆண்டின் இறுதியில் அந்த இரண்டாம் பிரிவில் இந்தியர்களுக்குரிய நாள் 2013-ஐத் தாண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் விண்ணப்பித்தவர்களே அப்போது வாயிலருகே நின்றார்கள்.

இவ்வளவு நீண்ட காத்திருப்பில், "அட்டை வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று வாழ்க்கையின் கடமைகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போடப்படுகின்றன. நம் இல்லங்களை வருத்துவது இதுதான். இதில் வேதனை என்னவெனில், அப்படித் தள்ளிப்போடுவதைச் சட்டமே பல வேளைகளில் ஆதரிக்கவில்லை.

முதலாவது, நிக்காஹ். "கார்டு வந்த பின் முடிக்கலாம்" என்று முப்பதைக் கடந்தும் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. உண்மையில், அட்டை வழங்கப்படும் முன்பே மணம் முடித்திருந்தால் மனைவியும் கணவனுடைய விண்ணப்பத்தோடு சேர்ந்து வசிப்புரிமை பெறலாம். அதுவரை, பணி விசாவில் இருப்பவனின் மனைவியாக உடன் சென்று வாழவும் வழி உண்டு. அட்டை வந்த பிறகு மணம் முடித்தாலோ, மனைவிக்கு வேறொரு வரிசை. அதில் ஆண்டுகள் கழியலாம். புதுமணப்பெண் ஊரிலேயே காத்திருக்க நேரிடும்.

இங்கே பெண் வீட்டாருக்கும் ஓர் உரிமை உண்டு. மாப்பிள்ளையின் விசா எது, விண்ணப்பம் எந்த ஆண்டைச் சேர்ந்தது, பெண்ணுக்கு அங்கு வேலை செய்ய அனுமதி கிடைக்குமா என்பவற்றை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். கணவனுடைய விண்ணப்பம் ஒரு குறிப்பிட்ட கட்டத்தை எட்டிய பின்னரே மனைவி வேலை செய்ய 2015-ஆம் ஆண்டின் விதி அனுமதி தந்தது. பொறியியல் படித்த பெண்ணை மணமுடித்து அழைத்துச் சென்று, பல ஆண்டுகள் வீட்டிலேயே இருக்க நேரும் என்பதை முன்னரே கூறாதிருப்பது நேர்மையாகாது. மஹரைப் பேசும் சபையிலேயே இதையும் பேசுங்கள்.

இரண்டாவது, பெற்றோர். "அட்டை வந்ததும் அத்தாவையும் அம்மாவையும் அழைத்துக்கொள்வேன்" என்று பிள்ளை சொல்வதும், அதை நம்பிப் பெற்றோர் காத்திருப்பதும் வழக்கமாகிவிட்டது. பச்சை அட்டை பெற்றவர் பெற்றோருக்காக விண்ணப்பிக்க இயலாது. அந்நாட்டுக் குடிமகனாகி, 21 வயதும் நிறைந்தவருக்கே அந்த உரிமை. குடிமகனாவதற்கு அட்டை பெற்ற பின் பொதுவாக ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அட்டை பெற்றவர் இந்தியக் குடிமகனாகவே நீடிக்கிறார். வேறு நாட்டுக் குடியுரிமையை ஏற்கும்போதுதான் 1955-ஆம் ஆண்டின் சட்டப்படி இந்தியக் குடியுரிமை நீங்குகிறது. ஆகவே, முதிர்ந்த பெற்றோருக்குச் செய்ய வேண்டிய பணிவிடையை அட்டையோடு முடிச்சுப் போடாதீர்கள். மருத்துவச் செலவோ, வீட்டு உதவிக்கு ஆளோ, விடுமுறையில் வந்து உடனிருப்பதோ, அனைத்தையும் இன்றைய நிலையிலேயே செய்ய வேண்டும்.

வருவதிலும் ஒரு தயக்கம் உண்டு. கடவுச்சீட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், திரும்பிச் செல்லத் தூதரகத்தில் மீண்டும் பெற வேண்டும். இறுதிக் கட்ட விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது செல்லுபடியாகும் பணி விசாவோ முன்னனுமதிப் பத்திரமோ இல்லாமல் வெளியேறினால், விண்ணப்பத்தையே கைவிட்டதாகக் கருதுவர். நமது மார்க்கத்தில் ஜனாஸாவைத் தாமதப்படுத்துவதில்லை. இத்தகைய தடைகள் இல்லாதவரும் கடல் கடந்து உரிய நேரத்தில் வந்து சேர்வது அரிது. தந்தையின் கபுருக்கு ஒரு பிடி மண் போட இயலாத பிள்ளையை மஹல்லாவில் எவரும் ஏசவேண்டாம். அவன் வேதனை அவனுக்கே தெரியும். முன்னனுமதிக்குத் தகுதி பெற்ற பிள்ளைகள் தேவை வரும் முன்பே அப்பத்திரத்தை வாங்கி வைத்திருங்கள். உயிரோடு இருக்கும்போது வந்து முகம் காட்டுங்கள்.

மூன்றாவது, குழந்தைகள். பெற்றோரோடு சிறு வயதில் சென்ற குழந்தைக்கு 21 வயது நிறைந்துவிட்டால், குடும்பத்தின் வரிசையிலிருந்து அது விலக்கப்படும். 2002-ஆம் ஆண்டின் சட்டம் வயதைக் கணக்கிடுவதில் சிறிது தளர்வு தருகிறது. எல்லோரையும் அது காப்பதில்லை. ஆகவே பிள்ளைக்கு 15 வயது ஆகும்போதே மாணவர் விசா, வேறு நாட்டுக் கல்வி, தாயகக் கல்வி ஆகிய வழிகளை எண்ணிப் பாருங்கள். தமிழும் குர்ஆன் ஓதலும் அறிந்த பிள்ளைக்குத் தாயகம் அந்நியமாகத் தோன்றாது.

காகிதத்தை அலட்சியம் செய்வதும் ஆபத்தே. மலாயாவுக்குச் சென்ற நம் முன்னோரில் பலர், "நமக்கு ஊர் இருக்கிறது" என்று அங்குக் குடியுரிமை பெறாமலே காலம் கழித்தனர். 1969-க்குப் பின் குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டபோது, பலர் பிழைப்பை விட்டுத் திரும்ப நேர்ந்தது. அவர்கள் காகிதத்தை மறந்து வாழ்ந்தனர். இன்றைய பிள்ளைகள் காகிதத்துக்காக வாழ்வை மறக்கின்றனர். இரண்டும் வேண்டாம்.

ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். கி.பி. 615 அளவில் அபிசீனியாவுக்குச் சென்ற ஸஹாபாக்களுள் அவர்களும் ஒருவர். நஜாஷி மன்னரின் ஆட்சியில், அந்நிய மண்ணில், ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார்கள். மதீனாவுக்கு ஹிஜ்ரத் நடந்தது; பத்ரும் உஹதும் அகழ்ப்போரும் நடந்து முடிந்தன. அவர்கள் தொலைவிலேயே இருந்தார்கள். ஆனால் வாழ்க்கையை நிறுத்தி வைக்கவில்லை. மனைவி அஸ்மா (ரலி) அவர்கள் உடனிருந்தார்கள். மகன் அப்துல்லாஹ் (ரலி) அங்கேயே பிறந்தார்கள். ஹிஜ்ரி 7-இல், கைபர் வெற்றியின் போது, அவர்கள் திரும்பி வந்ததைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் பெரிதும் மகிழ்ந்தார்கள். சபுர் என்பது கைகட்டி உட்கார்ந்திருப்பதன்று. இருக்கும் இடத்தில் கடமையைச் செய்துகொண்டே எதிர்பார்த்திருப்பதாகும்.

எனவே, காத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள். ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனியே சேமித்து வையுங்கள். 60 நாள் அவகாசத்தின் அச்சம் குறையும். விண்ணப்பத்தின் நகல்களை உங்களிடமும் வைத்திருங்கள். முதலாளியின் மனு ஒப்புதல் பெற்று 180 நாட்கள் கடந்திருந்தால், வேறிடம் மாறினாலும் உங்கள் வரிசை நாள் பொதுவாக உங்களுக்கே உரியது. புதிய முதலாளி மனுவை மட்டும் புதிதாகத் தொடங்க வேண்டும். ஆகவே வரிசையை இழந்துவிடுவோம் என்ற அச்சத்தால் மட்டும் அநீதியைப் பொறுத்துக்கொண்டு ஒரே இடத்தில் முடங்க வேண்டாம். எந்த முடிவுக்கும் முன் தகுதியுள்ள வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள்.

வீட்டாருக்கு ஒரே சொல். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது கார்டைப் பற்றிக் கேட்காதீர்கள். "சாப்பிட்டாயா? தொழுதாயா? உடம்பு எப்படி?" என்று கேளுங்கள்.

வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகள் யாவருக்கும் எல்லாம் வல்ல அல்லாஹ் வழியை எளிதாக்கி, ரிஜ்கில் பரக்கத் செய்து, பெற்றோரோடு இன்முகமாய்ச் சந்திக்கும் நாட்களை மிகுதியாக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.