"அண்ணாச்சி, நாளைக்கு மருந்து அடிக்கணும்!"

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கிராமம், என் மாமனார் ஊர். தென்னைகளுக்கு நடுவே நாலு தேன்பெட்டி வைத்திருக்கிறார். போன வருஷம் நாங்கள் போயிருந்தபோது, காலையில் காபி டம்ளரோடு பெட்டிப் பக்கம் போனவர் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பெட்டி வாசலில் கை நிறைய அள்ளும் அளவுக்குத் தேனீக்கள் செத்துக் கிடந்தன. சில மட்டும் பறக்க முடியாமல் நடுங்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. செத்தவற்றில் பலவற்றுக்கு நாக்கு வெளியே நீண்டிருந்தது. "மருந்து" என்றார் மாமா. ஒரே வார்த்தைதான்.

பக்கத்துத் தோட்டத்தில் பாகல் பந்தல். முந்தைய நாள் காலை எட்டு மணிக்கு, பூ விரிந்திருக்கிற நேரத்தில், ஸ்பிரேயரோடு ஒருவர் இறங்கியதை நானே பார்த்திருந்தேன். சண்டை வரப்போகிறது என்று பயந்தேன். மாமா வேலியோரம் போய், "தம்பி, காய் எப்படிப் பிடிச்சிருக்கு?" என்றார்.

"பிஞ்செல்லாம் மஞ்சளாகிக் கொட்டுது அண்ணாச்சி. அதான் மருந்து அடிச்சேன்."

பாகலில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மகரந்தத்தை யாராவது சுமந்து போகவேண்டும். போகாவிட்டால் பிஞ்சு கொட்டத்தான் செய்யும். "சுமக்க வந்த ஆளு மேலயே அடிச்சிருக்கியே" என்றார் மாமா. அந்தத் தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. பாவம், அவருக்கு யார் இதைச் சொன்னார்கள்? மருந்துக்கடையில் சொல்ல மாட்டார்கள்.

மாமாவுக்கு இது முதல் அடி இல்லை. 1991-92ல் தென்னிந்தியா முழுக்க ஒரு வைரஸ் நோய் பரவியது. புழுக்கள் கூட்டுக்குள்ளேயே நீர் கோத்த பை மாதிரி ஆகிச் செத்தன. பத்தில் ஒன்பது பெட்டி காலியானது. 1920களிலிருந்து தேன் வளர்ப்புக்குப் பேர்போன ஊரில் வெறும் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்களாம். அந்த நோய்க்கு மருந்தே இல்லை. தப்பிப் பிழைத்த கூட்டங்களையும், மரப்பொந்தில் கிடைத்தவற்றையும் வைத்துத்தான் திரும்ப ஆரம்பித்தார்கள். "அது வியாதி, என்ன செய்ய? இது நாமளா செய்யுறது" என்பார்.

நானும் யோக்கியமில்லை. எறும்பு ஏறுகிறதே என்று ஒரு தடவை பெட்டியைச் சுற்றி எறும்புப் பொடி தூவப் போய், வாங்கிக் கட்டிக்கொண்டேன். எறும்புக்கு விஷம் என்றால் தேனீக்கும் விஷம்தானே! ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் போதும், எறும்பு ஏறாது. மெழுகுப்பூச்சி வந்தாலும் மருந்து வேண்டாம். கறுத்த பழைய அடைகளை எடுத்துவிட்டு, அடிப்பலகையைச் சுத்தமாக வைக்கவேண்டும். கூட்டத்தில் ஆள்பலம் இருந்தால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பாகல் தம்பியோடு ஒரு ஒப்பந்தம் ஆனது. பழ ஈக்குக் கருவாட்டுப் பொறி. வேறு பூச்சிக்கு வேப்பெண்ணெய், அதுவும் பொழுது சாய்ந்து தேனீக்கள் வீடு திரும்பிய பிறகு. இமிடாகுளோபிரிட் மட்டும் பூக்கிற பயிரில் கூடவே கூடாது. அது செடிக்குள் போய்ப் பூந்தேன் வரைக்கும் ஏறும் ரகம். சாயங்காலம் அடித்தாலும் தேனீக்குத் தப்ப வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018லேயே அதைத் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்துவிட்டது. நம் ஊர்க் கடைகளில் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது.

மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அடிக்கப்போகும் முன் பூ இருக்கிறதா, பூவில் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு நிமிஷம் பாருங்கள்.

இந்தத் தடவை போனபோது பெட்டி ஆறாகியிருந்தது. இரவு சாப்பிடும்போது மாமாவுக்கு போன் வந்தது. "அண்ணாச்சி, நாளைக்குச் சாயங்காலம் வேப்பெண்ணெய் அடிக்கணும்."

"அடி தம்பி. நான் மறுநாள் காலையில கொஞ்சம் லேட்டா வாசலைத் திறந்துவிடுறேன்" என்றவர், பெட்டிகள் மேல் போட ஈரச்சாக்கு எத்தனை இருக்கிறது என்று அத்தையிடம் கேட்டார்.